லெஃப்ட் மரை

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்த பிறகு அவர் வாயில் ஒரே ஒரு வார்த்தைதான் மிஞ்சியது. "சரி." பசித்தால் "சரி" என்பார். வேண்டாம் என்பதற்கும் "சரி", வலிக்கிறது என்பதற்கும் "சரி", ஃபேனைப் போடு என்பதற்கும், வந்திருப்பது யார் என்று கேட்பதற்கும் அதே "சரி"தான். இருபத்திரண்டு வருஷம் என்னோடு சண்டை போட்டு, கேலி பேசி, பக்கத்து வீட்டுக் கதையெல்லாம் சொல்லிச் சிரித்த மனிதரிடம் கடைசியில் தங்கியது அந்த இரண்டு எழுத்து.

கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகிற சாலையில் எங்கள் லேத் பட்டறை. ஒரு பழைய லேத், ஒரு டிரில்லிங் மிஷின், இரும்பைச் சீவுகிற டூலைத் தீட்ட ஒரு சாணைக்கல், அவ்வளவுதான். போட் இன்ஜினுக்கு ஷாஃப்ட் தண்டு, அதைத் தாங்குகிற புஷ் வளையம், நட்டு என்று கடல் தின்றுவிட்ட சாமான்களை மறுபடியும் செய்து கொடுப்பதுதான் அவர் வேலை. நான் அதே தெருமுனையில் ஒரு மெடிக்கலில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவரை மாமா என்று கூப்பிடுவேன். முறை மாமன் ஒன்றுமில்லை. கல்யாணமான புதிதில் எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல் வாயில் வந்தது, அப்படியே நின்றுவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சாணைக்கல்லில் டூல் தீட்டிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து டூல் நழுவிக் கீழே விழுந்திருக்கிறது. குனிந்து எடுக்கப் பார்த்திருக்கிறார், கை போகவில்லை. பக்கத்து வலைக் கடைக்காரர் எனக்கு போன் செய்தார். நான் ஓடிப் போனபோது மிஷின் மேல் சாய்ந்து நின்று, தரையில் கிடந்த டூலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடலூரில் முதலுதவி கொடுத்துச் சிதம்பரத்துக்கு அனுப்பினார்கள். பதினோரு நாள் அங்கே இருந்தோம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயிருந்தன. கால் மட்டும் மூன்று மாதத்தில் பாதி திரும்பி வந்தது.

நான் மெடிக்கல் வேலையை விட்டேன். வாரத்துக்கு இரண்டு நாள் சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போய் வந்தோம், பேச்சுப் பயிற்சிக்கு. அங்கே ஒரு சின்னப் பெண், படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவாள். வாழைப்பழம், பசு மாடு, சாவி.

"ஐயா, இது என்னாங்க ஐயா?"

"சரி."

"மாடு. சொல்லுங்க, மா... டு."

"ச... ரி."

என்னைத் தனியாகக் கூப்பிட்டு அவள் சொன்னாள்: "அவரு மனசுல சரியான வார்த்தைதாம்மா இருக்கு. வாய்க்கு வர்றது மட்டும் இது ஒண்ணுதான். அதனால வார்த்தைய உட்டுடுங்க. எப்படிச் சொல்றாருன்னு கேளுங்க, மூஞ்சியப் பாருங்க. அதுல புரிஞ்சிடும்."

நான் பழகிக்கொண்டேன். இழுத்துச் சொன்னால் வேண்டாம். கடைசியில் தூக்கினால் கேள்வி. வேகமாக இரண்டு மூன்று தரம் சொன்னால் அவசரம். பழகிக்கொண்டேன் என்றுதான் நினைத்தேன்.

நடக்க ஆரம்பித்த மறுநாளே பட்டறைச் சட்டையை இடது கையால் எடுத்து என்னிடம் நீட்டினார். எண்ணெய்க் கறை படிந்த அந்த நீலச் சட்டையைப் போட்டுப் பட்டன் மாட்டிவிட்டேன். ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போய் ஷட்டரைத் தூக்கி, லேத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அவர் இடது கையில் வேஸ்ட் துணியை எடுத்து மிஷினைத் துடைத்தார். எட்டுகிற இடத்துக்கெல்லாம் எண்ணெய் விட்டார். அதன் பிறகு தினமும் போனோம். துடைப்பார், எண்ணெய் விடுவார், சாலையைப் பார்ப்பார். மத்தியானம் திரும்பி வருவோம்.

விஷயம் தெரியாத ஒரு வெளியூர்க்காரர் ஒருநாள் தேய்ந்துபோன புஷ் ஒன்றைக் கொண்டுவந்தார். நான் டீ வாங்கப் போயிருந்த நேரம்.

"இதே மாதிரி ஒண்ணு வேணுங்க. நாளைக்கு வந்து வாங்கிக்கட்டுமா?"

"சரி."

மறுநாள் அவர் வந்து நின்றார். நான் விவரம் சொன்னேன். "அட, அவுருதாங்க சரின்னாரு" என்று சொல்லிவிட்டு, என் வீட்டுக்காரரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பாவப்பட்டு, "பரவால்லைங்க, ஒடம்ப பாத்துக்குங்க" என்று புஷ்ஷை எடுத்துக்கொண்டு போனார். என் வீட்டுக்காரர் தலை நிமிரவே இல்லை. அன்றைக்கு அந்த மிஷினைத் தொட்டே தீருவது என்று முடிவு செய்தேன்.

எனக்கு லேத்தைப் பற்றித் தெரிந்தது, அது சுற்றும் என்பது மட்டும்தான். இரும்பில் கை வைக்கப் பயமாக இருந்தது. பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்து ஒரு முழம் சவுக்குக் கட்டையை வாங்கி வந்து சக்கில் பிடித்தேன். சக் என்பது சாமானைக் கவ்விப் பிடித்துச் சுற்றுகிற தாடை. மோட்டாரைப் போட்டு, டூலை மெதுவாக உள்ளே விடுவதற்குப் பதில் கைப்பிடியைத் தாறுமாறாகத் திருப்பினேன். படாரென்று ஒரு சத்தம். கட்டை பிடுங்கிக்கொண்டு பறந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கிழித்துக்கொண்டு விழுந்தது.

மோட்டாரை நிறுத்தினேன். பின்னால் ஒரு சத்தம் கேட்டது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம் கோணியபடி, தோள் குலுங்க. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அதுதான் அவருடைய முதல் சிரிப்பு. அதற்காகவே இன்னும் பத்துக் கட்டையைப் பறக்கவிடலாம் என்று தோன்றியது.

சவுக்குக் கட்டைக்குப் பிறகு நைலான் கம்பி. அதற்குப் பிறகு இரும்பு. ஒரு பழைய டைரியில், இப்படிச் செய்தேன், இப்படி ஆயிற்று என்று எழுதி வைத்தேன். கம்பியின் முகத்தைச் சமமாகச் சீவினால் நடுவில் ஒரு மொட்டு போலச் சின்னதாக நின்றுகொண்டே இருந்தது. மூன்று நாள் அது ஏனென்று தெரியவில்லை. கடைசியில் டூல் கொஞ்சம் தாழ்ந்து இருப்பதைக் கண்டுபிடித்தேன். அடியில் எதையாவது வைத்து உயர்த்த வேண்டும். அட்டை வைத்தேன், நசுங்கிவிட்டது. அவர் தகர டப்பா ஒன்றைக் காலால் என் பக்கம் தள்ளினார். உள்ளே இரும்பு அறுக்கிற ஹாக்ஸா பிளேடின் உடைந்த துண்டுகள். அதில் ஒன்றை அடியில் கொடுத்ததும் மொட்டு காணாமல் போயிற்று. அந்தத் துண்டுகளை அவர் எதற்குச் சேர்த்து வைக்கிறார் என்று எத்தனை தடவை திட்டியிருப்பேன்!

ஒருநாள் துப்பட்டா முனை சக்குப் பக்கம் தொங்கியது எனக்குத் தெரியவில்லை. "சரி! சரி! சரி!" என்று அவர் கத்திய கத்தலில் மோட்டாரை நிறுத்திவிட்டுத் திரும்பினேன். அவர் முகம் வெளுத்திருந்தது. இடது கையால் தன் கழுத்தைச் சுற்றிக் காட்டினார். மறுநாளிலிருந்து அவருடைய பழைய சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, முடியை இறுக்கிக் கட்டித்தான் மிஷின் முன்னால் நின்றேன்.

அந்த இரண்டு மாதம் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் இருந்தோம். இரும்பிலிருந்து சுருள் சுருளாகச் சீவல் கழன்று விழும்போது எனக்குள் ஏதோ குளிர்ந்தது. வேகம் கூடினால் அந்தச் சுருள் நீலமாகிவிடும். டூல் மழுங்கினால் மிஷின் கீச்சென்று அழும். அவர் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்பார். தப்பாக இருந்தால் தரையில் கைத்தடியைத் தட்டுவார். நன்றாக இருந்தால் பேசாமல் இருப்பார். முதல் பித்தளை புஷ் அளவுக்குள் வந்த அன்று, அதை விரலில் மோதிரம் போல மாட்டிக்கொண்டு வீடுவரைக்கும் வந்தார்.

நட்டு ஏறுவதற்குக் கம்பியில் மரை போடுவதில்தான் மாட்டிக்கொண்டேன். யூடியூபில் பார்த்துப் பார்த்துப் பழகினேன். மிஷின் ஒருமுறை சுற்றும்போது டூல் எவ்வளவு தூரம் நகர வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் கியர்கள்தான் தீர்மானிக்கும். நான் போட்ட முதல் மரை பார்க்க அழகாகத்தான் இருந்தது. நட்டை மாட்டினால் இரண்டு சுற்றுப் போய் இறுகி நின்றுவிட்டது. இன்னொன்று போட்டேன், அதுவும் இரண்டு சுற்று. ஒரு வாரம் அதே கதை. அவர் தடியை ஊன்றி எழுந்து வந்து, கியர் மூடியைத் திறக்கச் சொல்லிச் சைகை காட்டினார். மூடியின் உள்பக்கம் எந்த மரைக்கு எந்தக் கியர் என்று அவர் கையாலேயே சுண்ணாம்புக் கட்டியில் எழுதி வைத்திருந்தார். நான் ஒரு கியரைத் தப்பாக மாட்டியிருந்தேன்.

"இந்த வரிதான மாமா?" என்று கேட்டேன்.

அவர் அந்த எழுத்தை உற்றுப் பார்த்தார். விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தடவினார். வேறு யாரோ எழுதியதைப் பார்ப்பது போல இருந்தது. எண்களும் போய்விட்டிருந்தன என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவருக்கும் அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். "சரி" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

எங்களுக்கு ரொம்ப நாளாக வேலை கொடுக்கிற போட்காரர் ஒருவர் இருந்தார். என் வீட்டுக்காரரை அண்ணன் என்பார், என்னை அக்கா என்பார். அவர் துருப்பிடிக்காத எஸ்.எஸ். ஷாஃப்ட் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். முனையில் மரை மழுங்கியிருந்தது.

"அக்கா, இது லெஃப்ட் மரை. புதுசா ஒரு ஷாஃப்ட் வேணும். உன்னால முடியுமா? முடியலன்னா புதுச்சேரிக்கு எடுத்துனு போறேன், ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டேன்."

சாதாரண மரையில் நட்டை வலப்பக்கம் திருப்பினால் இறுகும். லெஃப்ட் மரையில் இடப்பக்கம் திருப்பினால்தான் இறுகும். ப்ரொபெல்லர் சுற்றுகிற வேகத்தில் நட்டு தானாகக் கழன்றுவிடாமல் இருக்க அப்படி ஒரு ஏற்பாடு. நான் அதுவரை போட்டதே இல்லை. திரும்பி அவரைப் பார்த்தேன். "சரி" என்றார். தலையும் ஆடியது.

ஒன்பது நாள் இரும்புத் துண்டுகளில் போட்டுப் பார்த்தேன். வழக்கமாக டூல் சக்கை நோக்கி வரும். இதற்கு சக்கின் பக்கத்திலிருந்து கிளம்பி வெளியே போக வேண்டும். கியரைத் திசை மாற்றுகிற நெம்புகோல் எங்கே இருக்கிறதென்று தேடிக் கண்டுபிடித்தேன். டூல் இறங்கி நிற்பதற்கு முதலிலேயே ஒரு பள்ளம் வெட்டிக்கொள்ள வேண்டும் என்பது நான்கு டூல் முனை உடைந்த பிறகு புரிந்தது. பத்தாவது நாள், எஸ்.எஸ். கம்பியையே சக்கில் பிடித்தேன்.

அன்று மத்தியானம் வீட்டுக்குத் திரும்பாமல் பட்டறையிலேயே அவருக்குச் சாப்பாடு கொடுத்தேன். மாத்திரைக்காக ஒரு சொம்புத் தண்ணீர். தண்ணீர் ஜாஸ்தி குடிக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பின்னால் இருக்கிற கக்கூசுக்கு நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிப் போவேன். நடுவில் ஒரு படி இருந்தது. அதை அவரால் தனியாக இறங்க முடியாது.

எஸ்.எஸ். முரட்டு இரும்பு. ஒரு ஓட்டத்துக்கு ஒரு மயிரிழைக்கு மேல் வெட்டக்கூடாது. டூலைப் பள்ளத்தில் இறக்கி, ஓடவிட்டு, வெளியே இழுத்து, மோட்டாரைத் திருப்பிப் போட்டுப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, மறுபடியும் இறக்க வேண்டும். கண்ணை எடுத்தால் போச்சு. எத்தனை ஓட்டம் ஓடியதோ தெரியாது. வரி ஆழமாகிக்கொண்டே வந்தது. வெளிச்சம் பட்டு மினுமினுத்தது. எனக்கு உடம்பெல்லாம் கண்ணாக இருந்தது.

"சரி" என்று பின்னால் கேட்டது.

"வருது மாமா, பாருங்க, வருது."

கொஞ்ச நேரம் கழித்து, "சரி... சரி..."

"ஆமா மாமா! உங்க மாதிரியே வருது!"

"சரி, சரி, சரி."

"இன்னும் நாலே ஓட்டந்தான், இருங்க."

நான் திரும்பவில்லை. அவர் என்னைப் பாராட்டுகிறார் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. பிறகு சத்தம் இல்லை. அவர் பேசாமல் இருந்தால் வேலை நன்றாகப் போகிறது என்றுதானே இதுவரை அர்த்தம்?

மோட்டாரை நிறுத்தி, பிசிறைத் தட்டி, போட்காரர் கொடுத்த பழைய நட்டை எடுத்து மாட்டினேன். இடப்பக்கம் திருப்பினேன். வெண்ணெய் மாதிரி உள்ளே போயிற்று. கடைசிவரைக்கும் போயிற்று. நான் கத்தியே விட்டேன். ஷாஃப்டை சக்கிலிருந்து கழற்றித் தூக்கிக்கொண்டு திரும்பினேன். அதே நேரம் போட்காரர் வாசலில் வந்து நின்றார்.

"அடேங்கப்பா! போட்டுட்டியாக்கா? அண்ணன் கை மாதிரியே கீதே!"

சொல்லிக்கொண்டே நாற்காலிப் பக்கம் பார்த்தவர் சட்டென்று சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். போனைக் காதில் வைத்து யாரோடோ பேசுவது போல நகர்ந்து போய்விட்டார்.

என் வீட்டுக்காரருடைய கைலி முழுக்க நனைந்திருந்தது. நாற்காலிக்குக் கீழே சிமெண்டுத் தரையில் தேங்கி, இரும்புத் தூளோடு கலந்து, வாசல் பக்கம் ஒரு கோடாக ஓடியிருந்தது. கைத்தடி எட்டாத தூரத்தில் விழுந்து கிடந்தது. மிஷின் துடைக்கிற வேஸ்ட் துணியை இடது கையால் மடியில் விரித்து மூடப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் துணி போதவில்லை.

அவரைக் கழுவினேன். பட்டறையில் மாற்றுத் துணி இல்லை. வலைக் கடையில் ஒரு துண்டு வாங்கிக் கட்டினேன். கழுவும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தேன். "மன்னிச்சிடுங்க மாமா, நீங்க கூப்புட்டது எனக்குப் புரியல, நான் திரும்பிப் பாத்திருக்கணும், மன்னிச்சிடுங்க." அவர் ஆட்டோவில் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலையில் நீலச் சட்டையை எடுத்து நீட்டினேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்கு மறுநாளும் அப்படியே. அதன் பிறகு அவர் பட்டறைக்கு வரவே இல்லை.

நான்கு நாள் நானும் போகவில்லை. ஐந்தாம் நாள் போட்காரர் வீட்டுக்கு வராமல் தெருமுனையில் நின்று போன் செய்தார். ஷாஃப்ட் வேண்டும், போட் நிற்கிறது என்றார். போய்த் திறந்தேன். வேறு வேலைகளும் வந்திருந்தன. பக்கத்து வீட்டுப் பெண்மணி அவரைப் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டார். நான் காலையில் போய் மத்தியானம் வருவேன். சாயந்திரம் அவர் கட்டிலில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிடுவேன்.

"இன்னும் கோவமா மாமா? அன்னிக்கு நான் வேணும்னு பண்ணலயே. மிஷின் மேல இருந்த கவனத்துல புரியல. மன்னிச்சிடுங்க."

"சரி."

எந்தச் சரி என்று தெரியவில்லை. இழுக்கவும் இல்லை, தூக்கவும் இல்லை. தட்டையாக வந்தது. அதனால் மறுநாளும் கேட்டேன். அதற்கு மறுநாளும். நான் செய்த சாமான்களைக் கொண்டுவந்து காட்டினேன். இடது கையால் ஒதுக்கி வைத்தார். "நான் கத்துக்கிட்டது புடிக்கலியா? சொல்லுங்க, மூடிட்டு வந்துடுறேன்" என்றேன் ஒருநாள். அதற்கும் "சரி"தான். அதை ஆமாம் என்று எடுத்துக்கொள்வதா, வேண்டாம் என்று எடுத்துக்கொள்வதா?

சிதம்பரத்தில் அந்தப் பெண் கேட்டாள்: "பட்டறைக்குப் போறாரா ஐயா? போன மாசம் நல்லா உற்சாகமா இருந்தாரே."

நான் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னேன். அவர் கூப்பிட்டது புரியாமல் போனது, நாற்காலி, கைலி, போட்காரர் வந்து நின்றது எல்லாம். சொல்லி அழுதேன். அந்தப் பெண் அவர் பக்கம் திரும்பி, கனிவாக, "இதெல்லாம் ஒண்ணுமே இல்லைங்க ஐயா, எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்றாள். அவர் மேஜையைப் பிடித்து எழுந்தார். தடியை எடுத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து நடந்து, வெளியே போய் மரத்தடியில் நின்றுகொண்டார். அடுத்த வாரத்திலிருந்து சிதம்பரத்துக்கும் வர மறுத்துவிட்டார்.

ஆறு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு விடியற்காலையில் பால் பாக்கெட் வாங்கத் தெருவுக்குப் போனேன். போகும்போது விழித்திருந்தார். "பால் வாங்கிட்டு வந்துடுறேன் மாமா" என்றேன். திரும்பி வந்து கூப்பிட்டபோது பதில் இல்லை.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு கீரப்பாளையத்தில் இருக்கும் அவருடைய அக்கா வீட்டுக்குப் போனேன். அந்த அக்காதான் அவரை வளர்த்தவர். அறுபது வயதுக்கு மேல் ஆகிறது, இன்னும் நடவுக்கு ஆள் விட்டு வயலில் நிற்கிறார். காரியத்தின்போது என்னோடு அவர் அதிகம் பேசவில்லை. அன்றைக்குக் களத்தில் நெல்லைக் கிளறிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"பட்டற தெறந்திருக்கா?"

"இன்னும் தெறக்கல அண்ணி."

"அவன் உசுரோட இருக்கறப்பவே அவன் எடத்துல நீ நின்ன. அவனப் பக்கத்துல குந்த வச்சிக்கினு நின்ன. அதுலதான் அவன் மனசு உட்டுப் போச்சின்னு ஊருல பேசறாங்க. நானும் அப்படித்தான் நெனைக்கிறேன்."

நான் களத்து ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணியிடம் யாரும் அந்த நாளைப் பற்றிச் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன். அவர் கிளறுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"தெனமும் மன்னிப்புக் கேட்டேன் அண்ணி. அவுரு கோவம் தீரவே இல்ல. கோவத்தோடயே போயிட்டாரு."

அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கோவமா? அவனுக்கு ஏது கோவம்? கோவம் வந்தா சட்டியப் போட்டு ஒடைப்பான், அடுத்த நிமிஷம் சோறு கேப்பான். உனக்குத் தெரியாதா? அவன் வெக்கப்படற புள்ளம்மா. அஞ்சாங் கிளாஸ் படிக்கறப்ப பள்ளிக்கூடத்துல டவுசரு கிழிஞ்சி போச்சி. எல்லாம் சிரிச்சிதுங்க. வாத்தியாரு நல்ல மனுஷன். ஆறுதல் சொல்றேன்னு தெனமும் கூப்புட்டு, அதெல்லாம் ஒண்ணும் இல்லடா, மறந்துடுடான்னு சொன்னாரு. அவுரு சொல்லச் சொல்ல இவன் பள்ளிக்கூடத்துக்கே போக மாட்டேன்னுட்டான். ஒரு மாசம் போவல."

"அப்புறம் எப்படிப் போனாரு?"

"நான் ஒண்ணுமே கேக்கல. ஒண்ணுமே நடக்காத மாதிரி இருந்தேன். தானா போனான்."

அண்ணி என்னைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. தம்பியின் நினைவில், தனக்குத்தானே சொல்வது போலத்தான் சொன்னார்.

ஆறு மாதம். தினமும் சாயந்திரம் காலைப் பிடித்துவிடும்போது. நான் மன்னிப்பு என்று நினைத்துக் கேட்ட ஒவ்வொரு முறையும் அந்த நனைந்த கைலியை எடுத்து மறுபடியும் அவர் முன்னால் விரித்திருக்கிறேன். சிதம்பரத்தில் ஒரு சின்னப் பெண்ணின் முன்னாலும் விரித்தேன். அவர் வாயைத் திறந்து, போதும், விடு, அதைப் பேசாதே என்று சொல்ல முடியாது. அவரிடம் இருந்தது ஒரே வார்த்தை. அதை அவர் தினமும் சொன்னார். நான்தான் இன்னும் கோபம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரே ஒருநாள், காலையில் சட்டையை எடுத்து, "கெளம்புங்க மாமா, நேரமாச்சி, இன்னா இன்னும் படுத்துனு?" என்று அதட்டியிருந்தால் வந்திருப்பாரோ என்னவோ. வந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அதை இனி யாரிடம் கேட்பது?

நான் அழுத அழுகையில் அண்ணி பயந்துபோனார். முதுகைத் தடவி, உள்ளே கூட்டிப் போய்ச் சோறு போட்டார். "துன்னு. நான் தெரியாம பேசிட்டேன். நீ இன்னா வேணும்னா பண்ண?" என்றார். தட்டில் கையை வைத்துக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தேன். அவரே பிசைந்து இரண்டு உருண்டை கையில் கொடுத்தார்.

சாயந்திரம் சிதம்பரத்தில் பஸ் மாறும்போது ஒரு பெண் தன் புருஷனைக் கைத்தாங்கலாகப் படியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அவருக்கும் வலப்பக்கம்தான். நான் பின்னால் நின்று அவருடைய காலைத் தூக்கிப் படியில் வைத்தேன். "வலிக்குதாங்க?" என்று அவள் அவரிடம் கேட்டாள். "வலிக்கல, நீ போ" என்று அவர் எரிந்து விழுந்தார். அவ்வளவு தெளிவான பேச்சு. நான் அந்தப் பஸ்ஸில் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில் வந்தேன்.

மூன்று நாள் கழித்துப் பட்டறையைத் திறந்தேன். இப்போது பரங்கிப்பேட்டையிலிருந்துகூட ஆட்கள் வருகிறார்கள். லெஃப்ட் மரை என்றால் முதுநகரில் அந்தம்மாவிடம் போ என்று சொல்லி அனுப்புகிறார்களாம். நான் போடும் மரை நன்றாகத்தான் வருகிறது. அது எனக்கே தெரிகிறது. நட்டு கடைசிவரைக்கும் இறங்கும்போது இன்றைக்கும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் கிளம்புகிறது. அது ஏன் இன்னும் வருகிறது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. அது வந்த மறுகணம் நட்டை அப்படியே விட்டுவிட்டு, கொஞ்ச நேரம் வெளியே போய்ச் சாலையில் நின்றுவிட்டு வருவேன்.